மூணாஞ் சாக்கு

சின்னையன் வீட்டில் அந்த வருஷம் அடுப்பு எரியாத நாள் இருந்திருக்கலாம், சண்டை நடக்காத நாள் கிடையாது. நிலத்துக்கோ மாட்டுக்கோ சண்டை போட்டிருந்தால் ஊரில் யாரும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். பார்ப்பதற்கு உதைபந்து நன்றாக இருக்கிறதா, ஊட்டுப்பந்து நன்றாக இருக்கிறதா என்பதுதான் அவர்களுக்குள் சண்டை. ஐம்பதைத் தாண்டிய புருஷனும் பெண்டாட்டியும், கொல்லிமலையில், திருப்புலி நாட்டில், சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டே இதைப் பற்றிக் கத்திக்கொண்டால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

எல்லாம் பட்டாளம் கொண்டுவந்த வினை. நாற்பத்து நான்காம் வருஷம் தை மாதத்தில், காட்டுச் சண்டை பழகவேண்டும் என்று ஒரு பட்டாளம் மலையேறி வந்தது. அப்போது மலைக்கு ரோடு கிடையாது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து கூடாரம், அரிசி, இரும்புப் பெட்டி எல்லாம் மலையாட்கள் தலையில்தான் ஏறின. ஊருக்குக் கீழே இருந்த மொட்டைத் தரையில் இங்கிலீஷ்காரர்கள் நூறு பேரும் அமெரிக்காக்காரர்கள் இருபது பேரும் கூடாரம் அடித்தார்கள். இரண்டு கூட்டமும் வெள்ளைத்தோல்தான், ஒரே பாஷைதான். ஆனால் பந்து என்று வந்துவிட்டால் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரு நாள் இங்கிலீஷ்காரர்கள் உதைப்பார்கள். மறுநாள் அவர்கள் கட்டையால் அடிப்பார்கள்.

உதைபந்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இந்தப் பக்கம் இரண்டு கம்பு, அந்தப் பக்கம் இரண்டு கம்பு, நடுவே ஒரு பந்து. அமெரிக்காக்காரர்களின் ஆட்டத்துக்குத்தான் அருணாசலம் தேவைப்பட்டார். அவர் சேந்தமங்கலத்துக்காரர், பட்டாளத்தின் சமையல்காரர். துரைகளின் பேச்சில் பாதியைப் புரிந்துகொண்டு மீதியைத் தானாகவே சேர்த்துச் சொல்கிற சாமர்த்தியம் அவருக்கு உண்டு.

“நாலு மூலையில நாலு சாக்கு போட்டிருக்குதுங்களா? ஒருத்தன் வீசுவான், இவன் அடிப்பான். அடிச்சிட்டு மொதச் சாக்கு, ரெண்டாஞ் சாக்கு, மூணாஞ் சாக்குன்னு ஓடோணும். சாக்கு மேல நிக்கிற வரைக்கும் ஒருத்தனும் அவனை ஒண்ணும் பண்ண முடியாது. நடுவுல மாட்டுனான்னா செத்தான். சுத்திட்டு கெளம்புன எடத்துக்கே வந்து சேந்தா ஒண்ணு.”

வாழைத்தார் கொண்டுவந்திருந்த சின்னையன் பெண்டாட்டி அத்தாயி கேட்டாள்: “கெளம்புன எடத்துக்குப் பேரு என்னங்க?”

அருணாசலம் மோவாயைச் சொறிந்தார். “அவுங்க ஓமுங்கறாங்க. நம்ம பேச்சுல சொன்னா, ஊடு.”

வீடு என்ற அந்த ஒரு சொல்லில் விழுந்தவள்தான் அத்தாயி. அன்றிலிருந்து அது ஊட்டுப்பந்து ஆயிற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவள் மாட்டை ஓட்டிக்கொண்டு மொட்டைத் தரைக்குப் போய்விடுவாள். மாடு எந்தக் காட்டில் மேய்ந்தது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. செவலைத் துரை இரண்டாஞ் சாக்கில் எப்படி மாட்டினான் என்று கேட்டால் விடிய விடியச் சொல்வாள். செவலைத் துரை என்பது தலைமுடி சிவந்திருந்த ஓர் அமெரிக்காக்காரனுக்கு ஊர் வைத்த பேர்.

“அது ஒரு ஆட்டமா?” என்பான் சின்னையன். “ஒருத்தன் எச்சித் துப்பறான், ஒருத்தன் தொடையச் சொறியறான், இன்னொருத்தன் மானத்தப் பாத்துட்டு நிக்கறான். ஒரு பாத்தி களை எடுத்துட்டு வந்து பாத்தாலும் அப்பிடியேதான் நிக்கறாங்க. எங்காளுங்களப் பாரு, கண்ணைச் சிமிட்டுனா போச்சு! பந்து இங்கிருக்கும், அங்கிருக்கும், கோலுக்குள்ள இருக்கும். விசில் ஊதுனா முடிஞ்சுது. ஊட்டுக்கு வந்து மாட்டுல பால் பீச்சலாம்.”

“நரியக் கண்ட ஆட்டுப்பட்டியாட்டம் அத்தனை பேரும் ஒரே பக்கமா ஓடறாங்க. அதுல யாரைன்னு பாக்கறதுங்க?” என்பாள் அத்தாயி. “இதுல ஒத்த ஆளு. அவனெ மறிக்க ஒம்பது பேரு. அவன் யாரையும் அடிக்கோணும்னு இல்லை, எதையும் புடிக்கோணும்னு இல்லை. ஊடு வந்து சேந்தாப் போதும். அதெப் பாக்கறப்ப நெஞ்சு அடிச்சுக்கலீன்னா அது நெஞ்சாங்க? உங்களுதுல நேரம் ஆச்சுன்னா விசில் ஊதிப்போடறாங்க. இதுல கடைசி ஆளு சாகற வரைக்கும் ஆட்டம் முடியறதில்லீங்க.”

உடனே சின்னையன் மாட்டைத் திட்டுவான்.

அவர்களுக்கு ஒரே மகன், மாரி. இருபத்திரண்டு வயது. அந்த ஆனியில்தான் பொன்னாயியைக் கட்டிவைத்தார்கள். சின்ன வயதிலிருந்து தினைக் காட்டில் கவண்கல் வீசிக் குருவி விரட்டிய கை அவனுடையது. பந்து ஒரு நாள் வேலிக்கு அப்பால் போய் விழுந்தபோது மாரி அதை எடுத்து வீசிய வீச்சைப் பார்த்துச் செவலைத் துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். புரட்டாசியில் அவர்களில் ஒருவன் காய்ச்சலில் படுத்ததும், ஆள் குறைகிறது என்று மாரியைக் கூப்பிட்டுக் கையில் கட்டையைக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றைக்கு ஊரே மொட்டைத் தரையில் இருந்தது. ஊட்டுப்பந்தைக் காறித் துப்பிய சின்னையனும் இருந்தான், மகன் ஆடும்போது இல்லாமலா? மாரி இரண்டு பந்தை விட்டான். மூன்றாவதை அடித்தான். அது தரையில் தட்டி, ஒருவன் கால் இடுக்கில் நுழைந்து ஓடியது. மாரி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தான், செருப்பில்லாத கால், காடு மேடெல்லாம் ஓடிய கால். மொதச் சாக்கு, ரெண்டாஞ் சாக்கு. யாரோ பந்தைத் தப்பாக எறிந்தார்கள். மூணாஞ் சாக்கு. அங்கே நின்று இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தான். அத்தாயி எழுந்து நின்றுவிட்டாள். இன்னும் முப்பது எட்டுதான் பாக்கி.

அப்போதுதான் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்தது. கொல்லிமலை மூட்டம் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. மூணாஞ் சாக்கில் நின்றவன் தலை முதலில் மறைந்தது, பிறகு மார்பு, கடைசியாக அந்த வெள்ளை வேட்டி. இங்கிலீஷ்காரர்களாக இருந்தால் விசில் ஊதும்வரை மூட்டத்துக்குள்ளேயே உதைத்துக்கொண்டிருப்பார்கள். இவர்களுக்குப் பந்து கண்ணில் படாமல் ஆட முடியாது. நாளைக்கு விட்ட இடத்திலிருந்து ஆடலாம் என்று செவலைத் துரை சாக்குகளைச் சுருட்டச் சொன்னான்.

மாரி மட்டும் நகரவில்லை. அங்கே இங்கே துழாவி, தேங்காய் பருமனில் ஒரு கல்லைக் கொண்டுவந்து சாக்கு இருந்த இடத்தில் அழுத்தி வைத்தான். பிறகுதான் அத்தாயியிடம் வந்தான்.

“நாளைக்கு எடத்த மாத்திப் போட்டு ஏமாத்திருவாங்க ஆத்தா. என் எடம் அதுதான். பாத்துக்க.”

நாளைக்கு ஆட்டம் நடக்கவில்லை. விடிந்ததும் பட்டாளத்துக்குப் புறப்படும் உத்தரவு வந்துவிட்டது. சுமைக்கு ஆள் எடுத்தார்கள். அஸ்ஸாமுக்கு அப்பால் காட்டில் ரோடு போட ஆள் வேண்டும் என்று பெயர் எழுதினார்கள். செவலைத் துரையின் பின்னால் மாரியும் போனான். கலியாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பொன்னாயி வாசலில் நின்று பார்த்தாள். தன் ஊருக்கே ரோடு இல்லாதவன் எவன் ஊருக்கோ ரோடு போடப் போனான்.

அடுத்த பங்குனியில், சேந்தமங்கலத்துக்குச் சின்னையன் பேரில் கடுதாசி வந்திருக்கிறது என்று சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். சின்னையன் தனியாக இறங்கி, தபாலாபீசில் அதை வாங்கிக்கொண்டு அருணாசலத்திடம் போனான். அவர் இப்போது அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடுதாசியைக் கையில் வாங்கி, ஒரு முறை படித்து, மடித்து, மறுபடி பிரித்துப் படித்தார். அவர் எதையும் சேர்த்துச் சொல்லவில்லை என்பதிலேயே சின்னையனுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“மண்ணு சரிஞ்சிருச்சாம் சின்னையா. பதினாலு பேரு. அங்கியே அடக்கம் பண்ணிட்டாங்களாம்.”

சின்னையன் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தான். கடுதாசியை இடுப்பில் செருகிக்கொண்டு மலையேறினான். ஏறும்போது எப்படிச் சொல்வது என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தான். முதலில் உட்காரச் சொல்ல வேண்டும். பிறகு பொன்னாயியைக் கூப்பிட வேண்டும். பிறகு சொல்ல வேண்டும்.

அத்தாயி அவனுக்கு அந்த வரிசையைக் கொடுக்கவில்லை. மொட்டைத் தரையில், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், எழுந்து நின்றபடியே கேட்டாள். “செத்துட்டானாங்க?”

அவள் முகத்தைப் பார்த்தான். அடுக்கியதெல்லாம் சரிந்துவிட்டது. “சேச்சே. என்ன பேச்சுப் பேசறே? எங்கியோ காட்டுல மாட்டிக்கிட்டாங்களாம். வர வழியில்லாம நிக்கறாங்களாம். அவன் இன்னும் மூணாஞ் சாக்குலதான் நிக்கறான் புள்ளே.”

வாய்க்கு அந்த நேரத்தில் கிடைத்த சாக்கு அதுதான். ஊட்டுப்பந்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவன், ஆயுசில் முதல் தடவையாக அவள் ஆட்டத்தைச் சொல்லிப் பொய் சொன்னான். அத்தாயி நெஞ்சில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “அப்ப வந்துருவான். சாக்கு மேல நிக்கறவனெ ஒருத்தனும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க,” என்றாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அவன் நினைத்தான். நாளைக்கு அவள் இன்னும் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். அதற்கு அடுத்த நாள் வயிறார உண்டாள். இப்படியே போயிற்று. ஆவணியில் சண்டை முடிந்துவிட்டதாகக் கீழேயிருந்து சேதி வந்தது. அத்தாயி தினமும் மாட்டை மொட்டைத் தரைக்கே ஓட்டினாள். கல்லைச் சுற்றிப் புல் ஏறாமல் பிடுங்கிவிட்டாள். சின்னையன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மகனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட அவனுக்கு இடமில்லாமல் போயிற்று. வீட்டில் அழுதால் இவள் பார்ப்பாள், காட்டில் அழுதால் ஊர் பார்க்கும். அழுகை தொண்டையில் வரும்போதெல்லாம் இருமுவான். இருமலுக்கு அத்தாயி மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுப்பாள். அதையும் குடிப்பான்.

அடுத்த தையில் ஆலத்தூர் நாட்டிலிருந்து செல்லமுத்து என்று ஒருவன் பொன்னாயியைக் கேட்டு ஆள் அனுப்பினான். பெண்டாட்டி செத்தவன், நல்ல உழைப்பாளி. மலையில் அறுத்துக் கட்டி மறுகலியாணம் செய்வது குற்றமில்லை. ஆனால் புருஷன் செத்திருந்தால் மாமியார் தன் கையால் மருமகள் கழுத்திலிருந்து தாலியை வாங்க வேண்டும். அது அந்த ஊர் முறை. மகன் உயிரோடு இருக்கிறான் என்று கல்லைச் சுற்றிப் புல் பிடுங்கிக்கொண்டிருக்கிறவள் எப்படி வாங்குவாள்? வந்த ஆளை அத்தாயி சாணியைக் கரைத்து ஊற்றாத குறையாக விரட்டினாள்.

மாசியில் ஒரு நாள் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்த பொன்னாயி திருகையை நிறுத்தினாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

“மாமா, எனக்கு செல்லமுத்தும் வேண்டாம், யாரும் வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. செத்திருந்தா நான் அழோணும். இருந்தாக் காத்திருக்கோணும். ரெண்டுல ஒண்ணுகூட இல்லாம நான் இந்தத் திருகையச் சுத்திட்டு இருக்கறனுங்களே. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா, மாமா?”

சின்னையன் இருமினான். இந்தத் தடவை இருமல் உதவவில்லை. அந்தப் பெண்ணின் கை முழுக்க மாவு. பத்தொன்பது வயது. அவன் எழுந்து நேரே மொட்டைத் தரைக்கு நடந்தான்.

வெயில் சாய்ந்திருந்தது. அத்தாயி கல்லுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பதினோரு மாதமாக இந்தப் பக்கம் வராத புருஷன் வருவதைப் பார்த்தாள். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மாடு நன்றாக மேய்கிறது என்றான். இந்த வருஷம் பலா பிடிக்கும் என்றான். அவள் ஒரு புல்லைப் பிடுங்கி விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“ஏனுங்க,” என்றாள் கடைசியில். “உங்க ஆட்டத்துல விசில் ஊதுனதுக்கு அப்பறம் பந்து கோலுக்குள்ள போனா, அது சேருமுங்களா?”

“சேராது.”

“ஊதிட்டாங்களாங்க?”

சின்னையன் தரையைப் பார்த்தான். “ஊதிட்டாங்க, அத்தாயி.”

“எப்ப?”

“போன பங்குனியிலியே. நான் சேந்தமங்கலம் போய்ட்டு வந்தன்னிக்கே. மண்ணு சரிஞ்சு…” இடுப்பிலிருந்து அந்தக் கடுதாசியை எடுத்தான். வியர்வையில் ஊறி ஊறி எழுத்தெல்லாம் மங்கிப் போயிருந்தது. அவளுக்கும் படிக்கத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அதை வாங்கி இரண்டு கைக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டாள்.

“பதினோரு மாசமுங்க,” என்றாள். அப்புறம், சத்தம் இல்லாமல், “அப்ப நான் எந்த ஆட்டத்தைப் பாத்துட்டு இருந்தேனுங்க?”

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். மண்ணை வாரித் தூற்றியிருந்தால் துடைத்திருப்பான். அவள் எழுந்து மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்குள்ளிருந்து பொன்னாயி போட்ட ஒரு கதறல் மொட்டைத் தரைவரைக்கும் கேட்டது. சின்னையன் இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

மூன்று நாள் அத்தாயி அவனோடு பேசவில்லை. சோறு போட்டாள், கஷாயம் போடவில்லை. நான்காம் நாள் ஊர்க்கவுண்டர் மாதேஸ்வரன் வந்தார். வெளியே செத்து உடம்பு வராதவர்களுக்கு, அவர்கள் கைபட்ட ஒரு கல்லை எடுத்துக் குளிப்பாட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துத்தான் காரியம் செய்ய வேண்டும். அரைத்த அம்மியானாலும் சரி, கட்டிய வரப்புக் கல்லானாலும் சரி. “உன் மவன் கைபட்ட கல்லு எதாச்சும் இருக்குதா சின்னையா?” என்று கேட்டார்.

சின்னையன் வாயைத் திறப்பதற்குள் அத்தாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மொட்டைத் தரையில் பொன்னாயி குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினாள். அத்தாயி கல்லை ஆட்டிப் பிடுங்கினாள். ஒன்றரை வருஷ மழையில் அது இறுகிப் போயிருந்தது. சின்னையன் கை கொடுக்கப் போனான். அவள் முழங்கையால் தள்ளிவிட்டாள். நகத்தில் ரத்தம் வர, தானே பெயர்த்தெடுத்து மடிக்குழந்தையை அணைப்பதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஊருக்குப் போகும் வழி மேட்டுப்பக்கம். அத்தாயி பள்ளத்துப் பக்கம் திரும்பினாள்.

“ஏம்மா, ஊடு இந்தப் பக்கமில்ல? கல்லை எடுத்தா நேரா ஊட்டுக்குத்தான் கொண்டு போவோணும், வழி மாறக் கூடாது,” என்றார் மாதேஸ்வரன்.

“கவுண்டரே, செத்த இருங்க,” என்றான் சின்னையன். “அவ நேராத்தான் போறா.”

அங்கே, அடிக்கிறவர்கள் நின்று நின்று மிதித்த இடத்தில், இன்னும் புல் முளைக்காமல் ஒரு வட்டம் இருந்தது. முப்பது எட்டு. கல் கனம். அத்தாயிக்கு முட்டி வலி வேறு. பத்து எட்டு வைத்தாள். பதினைந்து. மூச்சு வாங்க நின்றாள். கல் நழுவப் பார்த்தது, முட்டுக்கொடுத்து ஏற்றிக்கொண்டாள். சின்னையன் இரண்டு கையையும் இறுக மூடிக்கொண்டு நின்றான். அவனுக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை. எத்தனை கோல் பார்த்திருக்கிறான், எத்தனை நாள் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறான். நெஞ்சு இப்படி ஒரு நாளும் அடித்துக்கொண்டதில்லை. பள்ளத்தைப் பார்த்தான். மூட்டம் கீழேயே கிடந்தது.

“வா,” என்றான். முதலில் வாய்க்குள் சொன்னான். பிறகு கத்தினான். “வா சாமி! வந்துரு! இன்னும் அஞ்சே எட்டுடா கண்ணு, வந்துரு!”

அத்தாயி வட்டத்துக்குள் காலை வைத்தாள். குனிந்து, கல்லின் அடிப்பக்கத்தை அந்த மண்ணில் ஒரு தடவை தொடவைத்தாள். நிமிர்ந்து, நாலு நாளாகத் தான் பேசாத புருஷனைப் பார்த்தாள்.

“ஒண்ணுங்க,” என்றாள்.

சின்னையன் தரையில் உட்கார்ந்து, ஊர் பார்க்க, வாய்விட்டு அழுதான்.